ஊர் மரச்சாமான் கடைக்கான விளம்பர இயக்கங்கள்: கும்பகோணத்தை முன்வைத்து ஒரு முழுமையான வழிகாட்டி

கும்பகோணம் போன்ற ஓர் ஊரில் ஒரு குடும்பம் துணிக்கடைக்கு ஆண்டுக்கு நான்கைந்து முறையேனும் போகும். அதே குடும்பம் மரச்சாமான் கடைக்கு வருவது திருமணம், புதுமனை புகுதல், பிள்ளை பெரிய வகுப்புக்குப் போவது, வீட்டுப் பெரியவருக்குத் தரையில் உட்கார்ந்து எழ முடியாமல் போவது என்று விரல்விட்டு எண்ணக்கூடிய சில தருணங்களில்தான். இந்த வேறுபாட்டை எண்ணிப் பார்க்காமல், துணிக்கடையைப் போலவே "அதிரடித் தள்ளுபடி" என்று நோட்டீஸ் அடிப்பதால்தான் பல ஃபர்னிச்சர் கடைகளின் விளம்பரப் பணம் வீணாகிறது. சோபா தேவைப்படாத வீட்டுக்காரர் தள்ளுபடிக்காக மட்டும் சோபா வாங்குவதில்லை. தேவை எழுகிற நாளில் உங்கள் கடையின் பெயர் அந்த வீட்டாரின் நினைவுக்கு முதலில் வர வேண்டும். வந்தவர் மரத்தைத் தொட்டுப் பார்த்து நம்பிக்கையோடு திரும்ப வேண்டும். கீழே சொல்லப்படும் படிகள் எல்லாம் இந்த இரண்டு நோக்கங்களுக்காகவே அமைந்தவை. முன்பக்கம் ஷோரூமும் பின்பக்கம் இரண்டு மூன்று ஆசாரிகள் வேலை செய்யும் பட்டறையும் உள்ள ஒரு நடுத்தரக் கடையை மனத்தில் வைத்து இதை எழுதுகிறேன்.

முதல் படி: பழைய பில் புத்தகங்களைப் படியுங்கள்

விளம்பரம் பற்றி யோசிப்பதற்கு முன், கடந்த மூன்று ஆண்டுகளின் பில்களை எடுத்து வைத்துக்கொண்டு ஒரு நோட்டில் நான்கு பத்திகள் போடுங்கள். விற்ற தமிழ் மாதம், விற்ற பொருள், வாங்கியவரின் ஊர், வாங்கிய காரணம் ஆகியவற்றை அவற்றில் எழுதுங்கள். காரணம் பில்லில் இருக்காது; ஆனால் கட்டில், மெத்தை, பீரோ, டிரெஸ்ஸிங் டேபிள் நான்கும் ஒரே பில்லில் இருந்தால் அது சீர்வரிசை என்பதும், சோபாவும் டைனிங் டேபிளும் சேர்ந்து போயிருந்தால் பெரும்பாலும் அது புதுவீடு என்பதும் கடைக்காரருக்குத் தெரியும். இரண்டு நாள் வேலைதான். இதைச் செய்து முடித்தால், நகரத்துக்குள் நோட்டீஸ் விநியோகித்துக்கொண்டிருந்த கடைக்கு, வாங்குபவர்களில் பெரும் பகுதியினர் திருவிடைமருதூர், பாபநாசம், வலங்கைமான் பக்கத்துக் கிராமங்களிலிருந்து வருகிறார்கள் என்று தெரியவரலாம். அப்படித் தெரிந்தால் நோட்டீஸ் போக வேண்டிய இடமே மாறிவிடும்.

செலவுத் தொகையையும் இப்போதே முடிவு செய்துவிடுங்கள். ஆண்டு விற்பனை 60 லட்சம் ரூபாய் என்றால் அதில் 3 சதவீதம் 1 லட்சத்து 80 ஆயிரம் ரூபாய். இதைப் பன்னிரண்டு மாதங்களுக்கும் சமமாகப் பிரிக்காமல், நோட்டு காட்டுகிற நான்கைந்து பருவங்களுக்கு மட்டும் ஒதுக்குவது நல்லது.

இரண்டாம் படி: விலைச்சீட்டில் உண்மையை எழுதுங்கள்

இது விளம்பரத்தில் சேராது என்று சிலருக்குத் தோன்றலாம். என்னைக் கேட்டால் எல்லா விளம்பரத்துக்கும் இதுதான் அடித்தளம். மரச்சாமான் வாங்க வருகிறவரின் முதல் பயம் விலை அன்று, "தேக்கு என்று சொல்கிறார்களே, உண்மையில் தேக்குதானா?" என்பதுதான். எங்கள் குடும்பக் கடையில் ஒருமுறை, வெளியூர் மொத்த வியாபாரி ஒருவர் தேக்கு என்று சொல்லி அனுப்பிய கட்டிலில் இரண்டு சட்டங்கள் வேறு மரம் என்பது, வாங்கியவர் வீட்டில் கரையான் ஏறிய பிறகுதான் எங்களுக்கே தெரிந்தது. முழுக் கட்டிலையும் மாற்றிக் கொடுத்தோம். அதற்குப் பிறகு வாங்கும் ஒவ்வொரு சரக்கையும் கவிழ்த்துப் பார்த்து, சீட்டில் எழுதிய பிறகே ஷோரூமுக்குள் வைக்கும் வழக்கம் எங்களுக்கு வந்தது.

ஒவ்வொரு பொருளிலும் ஓர் அட்டையைக் கட்டித் தொங்கவிடுங்கள். கால்களும் சட்டமும் எந்த மரம், தலைப்பலகை எந்த மரம், படுக்கும் பலகை பிளைவுட் என்றால் எந்தத் தரம், பாலிஷ் எந்த வகை, எந்த ஊரில் செய்தது, எதற்கு எத்தனை ஆண்டு உத்தரவாதம் என்று தமிழில், பெரிய எழுத்தில் எழுதுங்கள். பிளைவுட்டில் ஐ.எஸ். என்று தொடங்குவது இந்தியத் தர எண். ஐ.எஸ். 303 என்பது பொதுப் பயன்பாட்டுத் தரம், ஐ.எஸ். 710 என்பது தண்ணீரைத் தாங்கும் மரைன் தரம். இந்த எண்கள் பலகையின் மீதே அச்சாகியிருப்பதால், வாடிக்கையாளரிடம் அதைக் காட்டி விளக்கலாம். ரப்பர் மரத்தில் செய்த டைனிங் டேபிளை ரப்பர் மரம் என்றே எழுதுங்கள். மருந்தேற்றிப் பதப்படுத்திய ரப்பர் மரம் தன் விலைக்கு நல்ல பொருள்தான். அதைத் தேக்கின் நிழலில் நிறுத்தி விற்பதுதான் தவறு. எல்லாப் பொருளுக்கும் அட்டை கட்டி முடித்த பிறகு, "எங்கள் கடையில் ஒவ்வொரு பொருளிலும் என்ன மரம் என்று எழுதியிருக்கும்" என்ற ஒரே வரியை உங்கள் எல்லா விளம்பரங்களிலும் வையுங்கள். பக்கத்துக் கடையால் எளிதில் நகலெடுக்க முடியாத விளம்பரம் அது. நகலெடுத்தாலும் ஊருக்கு நல்லதே.

மூன்றாம் படி: ஆண்டை வீட்டு நிகழ்வுகளால் பிரியுங்கள்

நம் பக்கத்தில் ஆண்டு என்பது ஜனவரி முதல் டிசம்பர் வரை ஒரே சீராக ஓடுவதில்லை. ஆடி, புரட்டாசி, மார்கழி மாதங்களில் பெரும்பாலான குடும்பங்கள் திருமணமும் கிரகப்பிரவேசமும் வைப்பதில்லை. தையில் சம்பா அறுவடை முடிந்து, நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் நெல் போட்ட பணம் வங்கிக் கணக்குக்கு வரும். கடைக்கான இயக்கங்களை இந்த ஓட்டத்தோடு சேர்த்துத் திட்டமிட வேண்டும்.

மார்கழிக் கடைசியில் தொடங்குங்கள். போகியன்று பழைய பொருள்களை எரிக்கும் வழக்கத்தால் காற்று மாசுபடுகிறது என்று மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் ஆண்டுதோறும் வேண்டுகோள் விடுக்கிறது. "எரிக்காதீர்கள், எங்களிடம் கொடுங்கள்" என்று ஒரு மாற்று இயக்கத்தை அந்த நேரத்தில் நடத்தலாம். பழைய நாற்காலி, பெஞ்சு, மேசை ஆகியவற்றைக் குட்டி யானை எனும் சிறு சரக்கு வண்டியை அனுப்பி வீட்டிலிருந்தே எடுத்துக்கொள்ளுங்கள். தையில் புதிய பொருள் வாங்கும்போது கழித்துக்கொள்ளும்படி ஒரு சீட்டுக் கொடுங்கள். எந்தப் பழைய பொருளுக்கு எவ்வளவு என்று முன்கூட்டியே பட்டியல் அச்சிட்டுவிட வேண்டும்; வீட்டு வாசலில் நின்று பேரம் பேசினால் இயக்கத்தின் பெயர் கெட்டுவிடும். பழைய தேக்குச் சட்டம் கிடைத்தால், அதன் மதிப்பை அந்த வீட்டாரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். வந்தவற்றில் தேறுவதை ஆசாரியைக் கொண்டு பழுது பார்த்து, ஓர் அங்கன்வாடிக்கோ ஊர்ப்புற நூலகத்துக்கோ பெஞ்சாகவும் அலமாரியாகவும் கொடுங்கள். கொடுத்த பெஞ்சு பல ஆண்டுகள் அங்கே நிற்கும். அதன் முதுகுப் பலகையில் கடையின் பெயரைச் சிறிதாகப் பொறித்தால் போதும்.

தையும் மாசியும் வைகாசியும் முகூர்த்த மாதங்கள். இவற்றில் தள்ளுபடியைக் காட்டிலும் நேரம் தவறாமையே பெரிய விளம்பரம். "நீங்கள் சொல்லும் நல்ல நேரத்தில் கட்டில் வீட்டுக்குள் வரும்" என்று அறிவியுங்கள். ராகு காலம், எமகண்டம் தவிர்த்து நாளும் நேரமும் குறித்து ஒரு டெலிவரி அட்டை எழுதிக் கொடுங்கள். பீரோ வந்திறங்கியதும் மஞ்சள் குங்குமம் வைத்து உள்ளே எடுக்கும் வீடுகள் இங்கே அதிகம்; இறக்கி வைக்கும் தொழிலாளர்கள் அவசரப்படுத்தாமல் அந்த ஐந்து நிமிடம் காத்திருக்க வேண்டும் என்பதை அவர்களுக்குச் சொல்லிப் பழக்குங்கள். சீர் வந்திறங்குவதைச் சுற்றத்தார் அத்தனை பேரும் பார்க்கிறார்கள். எந்த நோட்டீஸும் அவ்வளவு கவனத்தோடு படிக்கப்படுவதில்லை.

ஜூன் மாதப் பள்ளித் திறப்புக்குப் படிப்பு மேசை இயக்கம் நடத்தும் கடைகள் உண்டு. அதில் ஒரு மாற்றம் செய்யலாம். பிள்ளையைக் கடைக்கு அழைத்துவரச் சொல்லி, உட்கார வைத்து, முழங்கை மேசையில் தங்கும் உயரத்தையும் பாதம் தரையில் பதியும் நாற்காலி உயரத்தையும் அளந்து, அந்த அளவுக்கே பட்டறையில் செய்து கொடுங்கள். பெட்டியில் அடைத்து வருகிற மேசையால் இது முடியாது.

ஆடியை வெறும் தள்ளுபடி மாதமாகக் கழித்துவிடுவது பெரிய இழப்பு என்பது என் உறுதியான கருத்து. முகூர்த்தம் இல்லாததால் பட்டறையில் ஆட்கள் ஓய்வாக இருப்பார்கள். வடகிழக்குப் பருவமழையும் இன்னும் தொடங்கியிருக்காது. ஈரக்காற்றில் அரக்குப் பாலிஷ் போட்டால் வெளிறி வெண்படலம் கட்டும் என்பதால், ஐப்பசி, கார்த்திகையில் செய்யத் தயங்கும் வேலையை ஆடியில் துணிந்து செய்யலாம். ஆகவே "தாத்தா நாற்காலி, பாட்டி ஊஞ்சல்: ஆடியில் புதுப்பித்துத் தருகிறோம்" என்று பழைய மரச்சாமான்களைப் புதுப்பிக்கும் இயக்கத்தை இந்த மாதத்தில் வையுங்கள். அக்கிரகார வீடுகளிலும் பண்ணை வீடுகளிலும் பிரம்பு பிய்ந்த சாய்வு நாற்காலியும் சங்கிலி துருப்பிடித்த ஊஞ்சலும் பரணில் கிடக்கின்றன. முன்னும் பின்னும் எடுத்த இரண்டு படங்களை, வீட்டாரின் அனுமதியோடு, அந்தப் பொருளின் கதையை இரண்டு வரியில் எழுதி வெளியிடுங்கள். இதில் வரும் கூலி பெரிதாக இராது. ஆனால் பழைய ஊஞ்சலை நம்பி ஒப்படைத்த வீடு, அடுத்த திருமணத்துக்குக் கட்டில் வாங்க வேறு கடையைத் தேடாது. பட்டுக்கோட்டை, பேராவூரணி, புதுக்கோட்டைப் பக்கம் கடை வைத்திருப்பவர்களுக்கு ஆடியில் இன்னொரு வாய்ப்பும் உண்டு. அந்த வட்டாரங்களில் விருந்து வைத்து மொய்ப் பணம் திரட்டும் மொய் விருந்துகள் நடப்பது ஆடியிலும் ஆவணியிலும்தான். ஊரில் பணம் புழங்கும் காலம் அது.

புரட்டாசியில் நவராத்திரி வருகிறது. கும்பகோணத்தில் கொலு வைக்கும் வீடுகள் ஏராளம். ஆண்டுதோறும் ட்ரங்குப் பெட்டியையும் ஸ்டூலையும் அடுக்கிப் படி கட்டுகிறார்கள். ஐந்து படி, ஏழு படி என்று கழற்றி மாட்டும்படியான மரக் கொலுப்படியைச் செய்து, நவராத்திரி முடிந்ததும் அதே பலகைகளைப் புத்தக அலமாரியாக மாற்றி மாட்டிக்கொள்ளும்படி துளைகளை அமைத்துக் கொடுங்கள். ஆவணி முடிவதற்குள் முன்பதிவு வாங்கிவிட வேண்டும். கடையிலேயே ஒரு கொலு வைத்து, மாலையில் சுண்டல் கொடுத்து, ஊர்ப் பிள்ளைகளைப் பாட வையுங்கள். அந்த ஒன்பது நாளும், எதுவும் வாங்கும் எண்ணமில்லாத குடும்பங்கள் உங்கள் சோபாவில் உட்கார்ந்து பார்க்கும். அன்று விற்பனை பேசவே கூடாது.

தீபாவளி போனஸ் காலத்தை விரிவாகச் சொல்லத் தேவையில்லை. அரசுப் போக்குவரத்துக் கழகத்தின் கும்பகோணம் நிறுவனத் தலைமையகம் இந்த ஊரிலேயே இருக்கிறது என்பதையும், ஓட்டுநர், நடத்துநர் குடும்பங்கள் போனஸ் வந்ததும் வாங்கும் பொருள்களில் பீரோவும் மெத்தையும் உண்டு என்பதையும் மட்டும் நினைவூட்டுகிறேன்.

கும்பகோணத்துக்கே உரிய ஒரு பெரிய பருவம் இனி வரவிருக்கிறது. பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை வரும் மகாமகம் 2016-இல் நடந்தது. அடுத்தது 2028 மாசியில். உறவினர் கூட்டம் தங்காத வீடு அப்போது இந்த ஊரில் இருக்காது. மடக்குக் கட்டில், பெஞ்சு, கூடுதல் மெத்தை ஆகியவற்றை வாடகைக்கும் விலைக்கும் தருவதற்கான திட்டத்தை 2027 ஐப்பசியிலேயே அறிவித்துவிடுங்கள். மகாமகத்துக்கு முந்தைய மாதத்தில் யோசிப்பவருக்குப் பலகையும் கிடைக்காது, ஆசாரியும் கிடைக்க மாட்டார்.

நான்காம் படி: கல்யாணக் கொள்முதலின் வழியில் நில்லுங்கள்

திருமண வீட்டார் கும்பகோணம் பக்கம் வரும்போது ஒரு கடைக்கு மட்டும் வருவதில்லை. திருபுவனத்தில் பட்டு எடுக்கிறார்கள். நாச்சியார்கோயிலில் குத்துவிளக்கு வாங்குகிறார்கள். பாத்திரக் கடை, நகைக் கடை எல்லாம் சுற்றிவிட்டு, களைத்துப்போய்க் கடைசியாகத்தான் கட்டில் பார்க்க வருகிறார்கள். பட்டுக் கடை, பாத்திரக் கடை, அழைப்பிதழ் அச்சகம், கல்யாண மண்டபம் ஆகியோரோடு பேசி, திருமணக் கொள்முதல் பட்டியல் ஒன்றை நான்கு பக்கச் சிறு கையேடாக அச்சிடுங்கள். தாம்பூலத் தட்டு முதல் தலையணை உறை வரை எல்லாவற்றையும் குறித்துக்கொள்ளக் கட்டங்களும், ஒவ்வொரு கடையும் தரும் சலுகையும் அதில் இருக்கட்டும். பெண் வீட்டார் அந்தக் கையேட்டை மூன்று மாதம் பையில் வைத்துச் சுமப்பார்கள். நோட்டீஸ் மறுநாளே குப்பைக்குப் போய்விடும்.

மொய் எழுதும் வழக்கத்தையும் இதோடு இணைக்கலாம். மணமக்கள் கடைக்கு வந்து ஒரு கட்டிலையோ டைனிங் டேபிளையோ தேர்ந்தெடுத்துவிட்டுப் போகட்டும். நண்பர்களும் அலுவலகத்தாரும் தனித்தனியே சுவர்க்கடிகாரமும் டின்னர் செட்டும் வாங்குவதற்குப் பதிலாக, அந்தப் பொருளுக்கு ஆளுக்கு ஐந்நூறோ ஆயிரமோ செலுத்தட்டும். செலுத்தியவர் பெயர்களை ஒரு மொய் நோட்டில் அழகாக எழுதி, பொருளோடு மணமக்களிடம் ஒப்படையுங்கள். பெயர் எழுதப்படும் மரியாதை நம்மவர்களுக்கு முக்கியம். திருப்பிச் செய்யவும் அந்த நோட்டு உதவும். தொகை முழுமையாகச் சேராவிட்டால் மீதியை யார் செலுத்துவது, கூடுதலாகச் சேர்ந்தால் என்ன செய்வது என்பதைத் தொடக்கத்திலேயே எழுதிக் கையெழுத்து வாங்கிவிடுங்கள்.

புதுவீட்டுப் பக்கத்தில் உங்கள் கூட்டாளிகள் மேஸ்திரியும் எலக்ட்ரீஷியனும் டைல்ஸ் கடைக்காரரும். வீடு பூச்சு வேலைக்கு வந்துவிட்டது என்பது ஊரில் முதலில் தெரிவது இவர்களுக்குத்தான். அந்தக் கட்டத்திலேயே நீங்கள் போய் அறைகளை இலவசமாக அளந்து, கட்டில் எங்கே வரும், பீரோ கதவு திறக்க எவ்வளவு இடம் வேண்டும், அதற்கு ஏற்ப ப்ளக் பாயிண்ட் எங்கே இருக்க வேண்டும் என்று ஒரு தாளில் வரைந்து கொடுங்கள். வாங்கினாலும் வாங்காவிட்டாலும் அந்தத் தாள் அவர்களுடையது என்று சொல்லியே கொடுங்கள்.

ஐந்தாம் படி: கடை வாசலில் ஒரு சோதனை

கண்ணாடிப் பாட்டில்கள் நான்கில் தண்ணீர் ஊற்றி, தேக்கு, மரைன் பிளைவுட், எம்.டி.எஃப். (மரநாரை அழுத்திச் செய்த பலகை), பார்ட்டிக்கிள் போர்டு (மரத்துகளைப் பசையிட்டு அழுத்திய பலகை) ஆகியவற்றின் ஒரே அளவுத் துண்டுகளைப் போட்டு, போட்ட தேதியை எழுதி முகப்பில் வையுங்கள். சில நாளில் பார்ட்டிக்கிள் போர்டு ஊதி உதிரத் தொடங்கும். தெருவில் போகிறவர்கள் நின்று பார்ப்பார்கள். நேர்மையாக ஒன்றையும் அருகிலேயே எழுதி வையுங்கள்: ஈரம் படாத அறையில், வாடகை வீட்டில், குறைந்த செலவில் இரண்டு மூன்று ஆண்டுப் பயன்பாட்டுக்கு அந்தப் பலகை போதும். குறைந்த விலைப் பொருளை இழிவுபடுத்தினால், அதை மட்டுமே வாங்க முடிகிறவர் உள்ளே வரக் கூச்சப்படுவார்.

ஃப்ளெக்ஸ் பேனர் வேண்டாம் என்பதை அழுத்தமாகச் சொல்கிறேன். 2019 செப்டம்பரில் சென்னை பள்ளிக்கரணையில், சாலையில் வைத்த பேனர் விழுந்து இருசக்கர வாகனத்தில் சென்ற ஓர் இளம்பெண் உயிரிழந்தார். அனுமதியில்லாத பேனர்களை உயர்நீதிமன்றம் பலமுறை கண்டித்திருக்கிறது. மரம் விற்கிற கடைக்கு மரப்பலகையில் செதுக்கிய பெயர்ப்பலகையை விடப் பொருத்தமான விளம்பரம் வேறில்லை. ஆசாரியின் கைத்திறன் வாசலிலேயே தெரிந்துவிடும்.

ஆறாம் படி: கைப்பேசியில் பட்டறையைக் காட்டுங்கள்

ஷோரூமில் வரிசையாக நிற்கும் சோபாக்களின் படங்களை யாரும் நின்று பார்ப்பதில்லை. இழைப்புளியில் சுருள் சுருளாகத் தேக்குச் சீவல் விழுவதையும், ஆணியில்லாமல் துளையும் முளையும் பொருந்துவதையும் முப்பது நொடி வீடியோவாக எடுத்தால் பார்ப்பார்கள். பின்னணிப் பாட்டு வேண்டாம். உளியின் ஓசையே போதும். ஆசாரி தன் பெயரைச் சொல்லி, தான் செய்வதைத் தன் வாயாலேயே விளக்கட்டும்.

வாட்ஸ்அப்பில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஒரே செய்தியைப் பலருக்குத் தனித்தனியே அனுப்பும் பிராட்காஸ்ட் பட்டியல் ஒன்றில் 256 பேர் வரைதான் சேர்க்க முடியும். அதுவும் உங்கள் எண்ணைத் தம் கைப்பேசியில் சேமித்திருப்பவர்களுக்கே செய்தி போய்ச் சேரும். ஆகவே பில் போடும்போதே, "உத்தரவாதத்துக்கு இந்த எண்ணைச் சேமித்துக்கொள்ளுங்கள்" என்று சொல்லிச் சேமிக்கச் செய்யுங்கள். ஊர்வாரியாகப் பட்டியல் பிரித்து, மாதம் ஒருமுறைக்கு மேல் அனுப்பாதீர்கள். கூகுள் மேப்பில் கடையின் இடம், நேரம், படங்கள் சரியாக இருக்கட்டும். நல்ல கருத்து எழுதினால் பரிசு தருவதாகச் சொல்வது கூகுளின் விதிகளுக்கு எதிரானது. கேட்டுப் பெறுவதில் தவறில்லை.

ஏழாம் படி: சட்டத்தின் எல்லைகள்

விலையை ஏற்றி எழுதி அடித்துக் காட்டும் தள்ளுபடியும், இல்லாத சரக்கைக் குறைந்த விலைக்குக் காட்டி ஆளை வரவழைக்கும் தூண்டில் விளம்பரமும் 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2022-இல் வந்த தவறான விளம்பரத் தடுப்பு நெறிமுறைகள் ஆகியவற்றின்கீழ் நடவடிக்கைக்கு உரியவை. தவறான விளம்பரத்துக்கு முதல்முறை 10 லட்சம் ரூபாய் வரையிலும், மீண்டும் செய்தால் 50 லட்சம் வரையிலும் அபராதம் விதிக்க மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு. பொருள் வாங்கியவர்களுக்குக் குலுக்கலில் ஸ்கூட்டர் தருவது நம் ஊர்களில் சகஜமாக நடந்தாலும், விற்பனையைக் கூட்டுவதற்காக நடத்தும் அதிர்ஷ்டப் போட்டியை அதே சட்டம் முறையற்ற வணிக நடைமுறைகளில் ஒன்றாகச் சேர்த்திருக்கிறது. அந்த ஸ்கூட்டர் பணத்தில் எல்லாருக்கும் ஒரு பத்தமடைப் பாய் கொடுத்துவிடலாம். மாதச் சீட்டு நடத்தும் எண்ணம் இருந்தால், 1982-ஆம் ஆண்டின் சிட்ஃபண்டு சட்டப்படி பதிவு வேண்டும் என்பதை ஆடிட்டரிடம் பேசிவிட்டே இறங்குங்கள்.

எட்டாம் படி: கணக்குப் பாருங்கள், ஆறாம் மாதம் போய்ப் பாருங்கள்

கடைக்குள் வரும் ஒவ்வொருவரிடமும், "எங்களைப் பற்றி எப்படித் தெரிந்தது?" என்று கேட்டு, நோட்டில் ஒரு கோடு போடுங்கள். கொலுப்படி இயக்கத்துக்கு 12,000 ரூபாய் செலவாகி, அதனால் நாற்பது பேர் வந்து ஆறு பேர் வாங்கினால், ஒரு வாடிக்கையாளருக்கு 2,000 ரூபாய் ஆகியிருக்கிறது. ஒரு விற்பனையில் நிற்கும் சராசரி லாபத்தோடு அதை ஒப்பிட்டுப் பார்த்தே அடுத்த ஆண்டு முடிவெடுக்க வேண்டும். வாங்காத முப்பத்து நான்கு பேரையும் கழித்துவிடாதீர்கள். அவர்கள் வீட்டில் அடுத்து என்ன நிகழ்வு என்று தெரிந்திருந்தால், பேருக்குப் பக்கத்தில் குறித்து வையுங்கள்.

விற்ற பொருளை ஆறு மாதம் கழித்து ஆசாரி நேரில் போய்ப் பார்ப்பது எல்லாவற்றையும்விடப் பயனுள்ள இயக்கம். கட்டில் மூட்டு தளர்ந்திருந்தால் இறுக்கவும், மழைக்காலத்தில் ஊதி இறுகிய மேசை இழுப்பறையைச் சற்றே சீவி விடவும், கால் அடியில் கரையான் தடம் இருக்கிறதா என்று பார்க்கவும் அரை மணி நேரம் போதும். கட்டணம் வாங்க வேண்டாம். காபி கொடுத்தால் ஆசாரி குடித்துவிட்டு வரட்டும். அந்த வீட்டில் அப்போது பேசப்படும் அடுத்த திருமணத்தின் மாதத்தைத் திரும்பி வந்ததும் நோட்டில் எழுதிவிடச் சொல்லுங்கள்.